கூப்பிட்ட குரலுக்கு

“அம்மா இல்லீங்களா?” என்று மட்டும் கேட்கட்டும். இன்றைக்கு வருகிறவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும், அப்புறம் இருக்கிறது அவளுக்குக் கச்சேரி. பால்பாண்டி அறை நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூலிக்கு வாங்கிவந்து மடியில் போட்டிருந்த பனியனின் கழுத்துப்பட்டியில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறு நூலைக் கத்தரித்தபடி, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தான். அம்மா பனியன் கம்பெனிக்குப் போயிருக்கு மேடம். விடியக் கிளம்பினா இருட்டித்தான் வரும். பிள்ளையப் பாத்துக்கிறது நான். குளிப்பாட்டுறது நான், சோறூட்டுறது நான், கால் கழுவிவிடுறது நான். ஏன், ஆம்பளை கழுவிவிட்டா அழுக்குப் போகாதா? இந்தக் கடைசி வரி அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதை எழுந்து நின்று சொல்வதா, உட்கார்ந்தபடியே தலையைத் தூக்காமல் சொல்வதா என்று யோசித்தான். உட்கார்ந்தபடி சொன்னால்தான் உறைக்கும். போன மாதம் வந்தவளிடம் சொல்லாமல் விட்டதுதான் இன்னும் நெஞ்சைக் கரிக்கிறது. அவள் வேறொருத்தி. வாசற்படியைத் தாண்டவே இல்லை. இவன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறான், அவளானால் இவன் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்க்கிறாள், என்னமோ பெண்டாட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி. “வீட்டுக்கு வந்து பிள்ளை வளர்ப்புக்கு உதவி பண்றோமுங்க. அம்மா இருக்கறப்ப வர்றேனுங்க” என்றாள். அம்மா இருக்கிற நேரத்தில் வருவாளாமே, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும்தானே லீவு? போகிறபோது ஒரு தாளை நீட்டினாள். அதில் தலை நிறையப் பூ வைத்த ஒரு அம்மா, மடியில் பிள்ளை, பக்கத்தில் ஒரு கிலுகிலுப்பை. அப்பன் என்று ஒருவன் அந்தப் படத்தில் மருந்துக்குக்கூட இல்லை. கொடியில் காய்கிற ஒரு சட்டைகூட இல்லை. அந்தத் தாளை அவன் கிழித்துப் போடவில்லை. அடுப்படியில் எண்ணெய் டப்பாவுக்குக் கீழே விரித்து வைத்தான். அந்த அம்மாவின் முகத்தில் அன்றிலிருந்து எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கிறது.

இடது கணுக்காலில் சுண்டி ஓர் இழுப்பு. திரும்பினான். கனிஷ்கா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, விழுந்துவிட்ட பிளாஸ்டிக் மூடியைக் கண்ணால் காட்டினாள். எட்டி எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் சங்கதி. அவள் இடுப்பிலிருந்து அவன் கணுக்கால் வரைக்கும் ஓடுகிற பனியன் வேஸ்ட் துணி மறுபடி தளர்ந்து தரையில் கிடந்தது. இது அவனுடைய கண்டுபிடிப்பு. இந்த லைன் வீட்டில் ஒரே அறை. கத்தரியும் அடுப்பும் பிள்ளையும் அதற்குள்தான். பிள்ளை தவழ ஆரம்பித்தபோது ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். சத்தமில்லாமல் வாசலைத் தாண்டிச் சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முழுக்க அவளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. மறுநாள் வேஸ்ட் மூட்டையில் நல்ல மெத்தென்ற துணியாகத் தேடி எடுத்து நீளமாக முடிந்து, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையைத் தன் காலிலும் கட்டிக்கொண்டான். அடுப்பு எட்டாது, வாசல் எட்டாது, கத்தரி எட்டாது. கட்டில் எட்டும், சன்னல் எட்டும். அவளுக்கு என்ன வேண்டுமானாலும் ஒரு இழுப்பு, இவன் திரும்பிவிடுவான். அழவே மாட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறதே, இங்கே ஒரு நாளாவது உண்டா? பெண்டாட்டி ஜெயக்கொடி முதல் நாள் இதைப் பார்த்துச் சிரித்தாள். “கன்னுக்குட்டியா அது?” என்றாள். பிறகு சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. இன்று காலை கம்பெனி வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் அவன் வலது பக்கமாக வந்து நின்று, “அந்தப் பொம்பள வர்றப்ப அதை அவுத்து வச்சிருய்யா. பாத்தா என்ன நெனைப்பாங்க” என்றாள். அவுக்க முடியாது என்று வள்ளென்று விழுந்தான். என்ன நினைத்தால் என்ன? திருடியா கட்டியிருக்கிறேன்? என் காலும்தானே கட்டியிருக்கிறது? நான் எழுந்து தண்ணி குடிக்கப் போனாலும் அவளைக் கேட்டுத்தானே போகிறேன்? அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்.

அவுத்து வைக்க வேண்டும்தான். வைக்காமல் இருந்தால் அந்தப் பேச்சு எப்படியாவது ஆண்டிபட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கட்டிப்போட்டு வளக்கிறானாம் என்று ஈஸ்வரி மதினி ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். ஜெயக்கொடியின் அக்காள் அவள். அவள் பேரை நினைத்த உடனேயே கத்தரி நூலை விட்டுத் துணியைக் கடித்துவிட்டது. சின்ன ஓட்டைதான், மடித்து அடியில் வைத்துவிட்டான். காதுகுத்துக்குப் போயிருந்தபோதுதான் அவள் ஆரம்பித்தாள். பந்தியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இலைக்கு முன்னால் இருக்கிறார்கள். அவளுடைய பேரப்பிள்ளைகள், கொழுந்தன் பிள்ளைகள் என்று காக்காய்க் கூட்டமாக ஒரு கூட்டம், எல்லாம் வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. கனிஷ்கா மட்டும் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என்ன தம்பி, ஒன்றரை வயசு தாண்டிருச்சு, வாயவே தொறக்க மாட்டேங்குது பிள்ளை? அம்மான்னு சொல்லுமா? அத்தைன்னு சொல்லுமா? ஒண்ணுமில்லையா?” என்று எல்லோரும் கேட்கக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். “ஆம்பளைகிட்டக் கெடந்தா எங்கிட்டுப் பேச்சு வரும்? பேச்சுப் பழக்கிவிட ஒரு பொம்பள வேணாமா?” யாரோ ஒருவன் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். “இங்க கொண்டாந்து விடுங்க. நாலு பிள்ளைகளோட பிள்ளையா வளரட்டும். பேச்சு வந்ததும் கூட்டிட்டுப் போங்க.” பேச்சு வந்ததும். வராமலே போனால்? அப்போது அவன் ஜெயக்கொடியைத்தான் பார்த்தான். இல்லக்கா, அவரு நல்லாத்தான் பாத்துக்கிறாரு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பார்த்தான். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குனிந்த தலைதான் அவனைத் தின்கிறது. மதினி சொன்னதை விட்டுத்தள்ளலாம், அவள் பிறந்ததிலிருந்தே அப்படி. ஜெயக்கொடி ஏன் குனிந்தாள்? அவளுக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை மதினி வருகிறாள். பிள்ளையைக் கொண்டுபோக. ஊமை என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அவன்தான் அதைப் பாதிவரைக்கும் நினைப்பான், பிறகு சட்டென்று வேறு எதையாவது நினைத்துக்கொள்வான், அரிசி ஊறப்போட்டோமா, கேஸ் மூடினோமா என்று. மூடித்தான் இருக்கும். பிள்ளைக்குப் புத்தி இல்லையா என்ன? எல்லாம் புரிகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலை வாயில் வைத்துக் காட்டுகிறாள். போதும் என்றால் கையைக் கவிழ்க்கிறாள். அதெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்ததுதான், தறிக்குடோன் பாஷை.

தறிக்குடோனில் வாயால் பேசுகிறவன் பைத்தியக்காரன். ஆண்டிபட்டியில் மீசை முளைக்குமுன் தறிக்குப் போனவன் அவன், பிறகு இந்தப் பல்லடம் பக்கம் வந்து கல்யாணம் ஆனபின்னும் தறிதான். ஒரே கூரையின் கீழே அத்தனை தறியும் ஓடுகிறபோது பக்கத்தில் நிற்கிறவன் காதில் போய்க் கத்தினாலும் ஏறாது. எல்லாம் கைதான். கட்டை விரல் வாய்க்குப் போனால் டீ. இரண்டு ஆள்காட்டி விரலைக் கோத்து இழுத்தால் பாவு நூல் அறுந்துபோச்சு. வயிற்றைத் தடவினால் முதலாளி வருகிறார், ஏனென்றால் முதலாளிக்கு வயிறுதான் முதலில் வரும். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் உலகம் பஞ்சு அடைத்தமாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தெளியும். பிறகு வருஷம் ஆக ஆக இடது பக்கம் தெளியாமலே நின்றுவிட்டது. எல்லாத் தறிக்காரனுக்கும் அப்படித்தான். டீக்கடையில் தறிக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் சண்டை நடக்கிறதென்று ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதற்காக அவனைச் செவிடன் என்று எவனாவது சொல்லிவிட முடியுமா? மந்தம். கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான். பிள்ளை பிறந்தபின் ஜெயக்கொடிக்குத் தையலில் நல்ல சம்பளம், குடோனிலோ நைட் ஷிப்டைத் தவிர வேறு இல்லை என்றார்கள், சரி நான் இருந்துகொள்கிறேன் என்று அவன்தான் சொன்னான். யாரும் தள்ளிவிடவில்லை. வாயால் சொல்லி, மனசார வந்து உட்கார்ந்தான். அதை ஒருத்தராவது மெச்சினார்களா? லைனில் இருக்கிற ஆம்பளைகள் “என்ன பாண்டி, வீட்டம்மா கம்பெனிக்குக் கிளம்பிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஆம்பளைகளின் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தங்கள் அப்பன் மூஞ்சி ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

கணுக்காலில் மறுபடி இழுப்பு. திரும்பினால் கனிஷ்கா வாசலைப் பார்த்து, சின்னக் கையால் தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். முதலாளி வந்துவிட்டார். வாசலில் ஒருத்தி நின்றாள். தோளில் துணிப்பை, கையில் தண்ணீர் பாட்டில், வெயிலில் சிவந்த முகம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளோ. துணியை அவிழ்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இனி அவிழ்த்தால் திருட்டு முழி முழிக்க வேண்டியிருக்கும். கிடக்கட்டும். கேள், அம்மா எங்கே என்று கேள். “ஏனுங்ணா, பாப்பாவைப் பாத்துக்கறது நீங்கதானுங்களா?” என்று அவள் கேட்டாள். “எம் பேரு கோகிலவாணிங். நான் உங்களைத்தான் பாக்க வந்தனுங். உள்ள வரலாங்களா?” பால்பாண்டி வாயில் தயாராய் வைத்திருந்த பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. அழுக்குப் போகாதா என்ற அருமையான வரி வீணாய்ப் போயிற்று. அதற்கும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. திட்டுவதற்கென்று ஒருத்தி வருகிறாள், வந்தவள் திட்ட இடம் கொடுக்க மாட்டேனென்கிறாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டிருந்த நாற்காலியைக் காட்டினான். அவள் அதில் உட்காராமல் தரையில், பனியன் குவியலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பார்வை நேராகத் துணிக்குப் போயிற்று. பிள்ளையின் இடுப்பு, இவன் கால். இதோ வரப்போகிறது, பிள்ளைய இப்படிக் கட்டலாமுங்களா என்று. “கத்திரி இருக்கற வூட்டுல இப்பிடி ஏதாச்சும் பண்ணித்தானுங் ஆகோணும். நீங்களே யோசிச்சுப் பண்ணுனதுங்களா?” என்றாள். “ஆமா” என்றான். சத்தம் தேவைக்கு மேலே வந்துவிட்டது. நடிக்கிறாளோ? முதலில் தட்டிக்கொடுத்து, பிறகு போட்டு வாங்குகிற கூட்டமாக இருக்குமோ? பையிலிருந்து பொம்மை, படம் ஏதாவது எடுப்பாள் என்று பார்த்தான். எதையும் எடுக்கவில்லை. பிள்ளை எப்போது எழுந்திருப்பாள், என்ன சாப்பிடுவாள், எதற்குச் சிரிப்பாள் என்று கேட்டாள். எதற்குச் சிரிப்பாள் என்று இதுவரை அவனை யாரும் கேட்டதில்லை. பனியனைத் தலையில் மாட்டிக் கழுத்து வழியாக எட்டிப் பார்த்தால் சிரிப்பாள் என்றான். சொல்லிவிட்டு, இதையெல்லாம் இவளிடம் எதற்குச் சொல்கிறோம் என்று தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

“நான் இருக்கற வரைக்கும் பாப்பாவைக் கொஞ்ச நேரம் அவுத்து வுட்டுப் பாக்கலாங்களா? கத்திரியை நான் மேல வெச்சுக்கறனுங். நீங்க பாட்டுக்கு மடிக்கற வேலையப் பாருங்” என்றாள் அவள். சரி, பார்த்துக்கொண்டு போ. முடிச்சை அவிழ்த்தான். கால் வெறுமையாக, யாருடைய காலோ மாதிரி இருந்தது. கனிஷ்கா கொஞ்ச நேரம் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பிறகு எழுந்து அவன் முதுகுப் பக்கமாகப் போனாள். அவன் மடித்தான். கை இரண்டையும் உள்ளே தள்ளி, பாதியாக, மறுபடி பாதியாக. இந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஊரான் வீட்டுத் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு வேலை, அதற்கு ஒரு படிப்பு, ஒரு பை. ஞாயிற்றுக்கிழமை மதினி வரும்போது இவள் இருப்பாளா? ஆம்பளையும் பிள்ளை வளர்க்கலாமுங் என்று வந்து ஒரு வார்த்தை சொல்லுவாளா? மாட்டாள். எல்லோரும் எழுதிக்கொண்டு போவதோடு சரி. வெளியே வண்டி ஏதோ போயிற்று, தரை அதிர்ந்தது. அவன் மடித்தான். திடீரென்று முழங்காலில் ஓங்கி ஓர் அடி. கனிஷ்கா முன்னால் வந்து நின்று, முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையாலும் அவன் தொடையில் அறைந்தாள், கண்ணில் நீர். “என்ன கழுத, என்ன வேணும், எதுக்கு அடிக்கிற?” என்று அவளைத் தூக்கினான். “அண்ணா” என்றாள் கோகிலவாணி மெதுவாக. அவள் உதட்டைப் பார்த்த பிறகுதான் கேட்டது. “பாப்பா உங்களைக் கூப்பிட்டுச்சுங்.” “எப்ப?” “இப்பத்தானுங். உங்களுக்குப் பின்னால, இந்த லெப்ட் சைடு நின்னுட்டு. ஒருக்காக் கூப்பிட்டுச்சு, நீங்க திரும்புலீங். மறுபடி கூப்பிட்டுச்சு. அப்புறம் சத்தமாவே கூப்பிட்டுச்சுங்.” “என்னான்னு கூப்பிட்டுச்சு?” “ப்பான்னு” என்றாள்.

எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று அவனுக்கே தெரியாது. “சும்மா அளந்துவிடாத தாயி” என்று கத்தினான். “எம் பிள்ளை கூப்பிட்டா எனக்குத் தெரியாதா? நாளெல்லாம் இது கூடக் கெடக்குறவன் நான். நீ வந்து அரை மணி நேரமாகல, அதுக்குள்ள உனக்குக் கேட்டுருச்சு, எனக்குக் கேக்கலையா? எதையாவது எழுதணுமேன்னு எழுதிட்டுப் போறதுக்கு எம் வீடுதான் கெடச்சுதா?” பிள்ளை பயந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோகிலவாணி எழுந்திருக்கவில்லை. அவன் மூச்சு அடங்குகிறவரை இருந்துவிட்டு, “தறி ஓட்டுனீங்களாண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.  “எங்கப்பாவும் தறிதானுங், சோமனூருல. அவுருகிட்ட ஏதாச்சும் வேணும்னா நாங்க தோளைத் தட்டுவோமுங். இல்லாட்டி முன்னால போயி நிப்போம். நாங்க மூணு புள்ளைங்களும் எங்கப்பாவை அப்பான்னு கூப்பிட்டதே இல்லீங்ணா. கூப்பிட்டுப் பிரயோசனமில்லைன்னு சின்னதுலயே தெரிஞ்சுபோச்சு.” சொல்லிவிட்டு அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். மந்தம்தான், செவிடு இல்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தான்.  ஜெயக்கொடி எப்போதும் வலது பக்கமாக வந்து நிற்பதும், அவன் வலது கைப் பக்கமே படுப்பதும் இப்போது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது? ஒரு நாள் காலையில் அவள், பாப்பா என்னமோ சொல்ற மாதிரி இருக்குய்யா என்றபோது, ஏப்பமாயிருக்கும் என்று சொன்னவன் யார்? பிள்ளை எத்தனை நாளாகக் கூப்பிட்டிருப்பாள்? சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்தாளே, அன்றைக்குக் கூப்பிட்டாளா? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாள். திரும்பாத முதுகு. பிறகு துணி வந்தது. இழுத்தால் திரும்புகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. அப்புறம் எதற்கு அந்தப் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும்? அழவே மாட்டாள் என்று பெருமை பேசினோமே.  குடோனில் ஒருதரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனதற்கு மேஸ்திரி பிடுங்கி எறிந்தான். தறிச் சத்தம் மாறுறது உனக்கு எப்படிடா தெரியும், நூல் அறுந்து கெடுற துணிக்கு உங்கப்பனா காசு கொடுப்பான் என்றான். நூல் அறுந்தால் தெரிய வேண்டும். பிள்ளை கூப்பிட்டால் தெரிய வேண்டியதில்லை. அத்தனை வருஷம் ஓட்டிய துணியை எவன் எவனோ கட்டிக்கொண்டு போனான், அதற்கு விலையாகப் போனது இதுதானா? அந்த முதலாளி வயிற்றைத் தடவிக்கொண்டு இன்னமும் காரில் வருகிறான், போகிறான்.

“இதை எழுதப்போறியா?” என்றான். “இல்லீங்ணா. உங்களுக்குத் தெரியோணும்னுதான் சொன்னனுங்” என்றாள் அவள். ரெண்டு பேர் காதையும் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடலாம், தானும் கூட வருகிறேன், பாப்பாவுக்கும் ஒருக்காப் பார்த்துவிட்டால் நிம்மதி என்றாள். பனியன் குவியலை அவளே இழுத்து இடம் மாற்றினாள், அவன் முதுகு சுவரில் படும்படி, பிள்ளை எங்கே போனாலும் கண்ணெதிரே இருக்கும்படி. கனிஷ்கா கட்டை விரலை வாயில் வைத்தாள். “கை காட்டறப்ப நீங்க வாயில சொல்லுங்ணா. பாப்பாவுக்குப் பாதிப் பேச்சு நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்க. மீதி சத்தந்தான்.” “தண்ணியா? தண்ணி வேணுமா?” என்றான் அவன். தன் குரல் வீட்டுக்குள் இவ்வளவு பெரிதாக ஒலிப்பது வெட்கமாக இருந்தது. பகலெல்லாம் இந்த அறையில் யாரும் பேசியதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிடாது, அடுத்த வாரம் இதே கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். கத்தரியை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவிழ்த்த துணியை அவனும் திரும்பக் கட்டவில்லை. நன்றி என்று அவன் சொல்லவில்லை. கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டுப் போகிறவளுக்கு என்ன நன்றி? அந்தக் கத்தி நேரே மதினி கைக்கல்லவா போகப்போகிறது. பிள்ளைக்குக் கோளாறில்லை என்று சொன்னால் அவனுக்குத்தான் கோளாறு என்று ஆகிறது. சொல்லாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போய்விடும். சொன்னாலும் போய்விடும். காது கேட்காதவனிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? பேசாமல் ஜெயக்கொடியிடம் மட்டும் சொல்லலாமா? அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டால்?

போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. மதினி. சன்னலோரம் போனால்தான் சிக்னல் கிடைக்கும். எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனை வலது காதில் வைத்தான். “தம்பி, ஞாயித்துக்கெழமை மொத பஸ்ஸுக்கே வந்துருவேன். பிள்ளையோட துணிமணியெல்லாம் எடுத்து வச்சிருங்க. இங்க தொட்டிலு கட்டியாச்சு” என்றாள். முடிந்தே போன மாதிரி பேசினாள். தொட்டில் கட்டியாச்சாம். யாரைக் கேட்டுக் கட்டினாள்? “பிள்ளைய அனுப்புறதா இல்லை மதினி” என்றான். “இதென்னய்யா புதுசா இருக்கு? ஊமையாக் கெடந்து போகட்டுங்கிறியா?” கடைசியில் அந்த வார்த்தை வந்தேவிட்டது. அவனால் முழுதாக நினைக்க முடியாத வார்த்தையை அவள் தொட்டில் கட்டுகிற சுலபத்தோடு சொல்லிவிட்டாள். “எம் பிள்ளை ஊமை இல்லை!” என்று கத்தினான். “பேசுது. அப்பாங்குது. எனக்குத்தான் கேக்கல. தறியில நின்னு நின்னு எங்காது போச்சு மதினி, கோளாறு எனக்கு, பிள்ளைக்கு இல்ல.” வெளியே சொல்லியாகிவிட்டது. சுவர், சன்னல், பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும். மதினி அதையே பிடித்துக்கொண்டாள்.  “அது சரி. அப்ப பிள்ளைய ஒரு செவிடங்கிட்ட விட்டுட்டா எந் தங்கச்சி வேலைக்குப் போறா? நல்லாருக்குய்யா நியாயம். நாளைக்கு அடுப்புல விழுந்து கத்துனாலும் உனக்குக் கேக்காதுல்ல? கெணத்துல விழுந்தாலும் கேக்காதுல்ல? இதை இத்தனை நாளு மறைச்சு வச்சு…” அவன் கம்பியை நெரித்தான். சொல்லு, நல்லா சொல்லு. கத்திக்குப் பிடி போட்டுக் கொடுத்தவன் நான்தானே. மறைத்தேனா? மறைப்பதற்கு எனக்கே தெரிந்திருந்தால்தானே? இதற்கு ஒரு பதில் வேண்டும், அவள் வாயடைக்கிற மாதிரி ஒரு பதில், அவன் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் பேச்சு நடுவில் நின்றது. “தம்பி” என்றாள் மதினி. “என்ன?” “அங்க யாரு?” “யாருமில்ல. அந்தப் பொம்பள போயிருச்சு.” “அதில்ல. பிள்ளையா அது?” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “அப்பா, அப்பான்னு… எம்புட்டு நேரமாக் கூப்பிடுது. போன்ல எனக்கே கேக்குதேய்யா. உனக்குக் கேக்கலையா?” பால்பாண்டி திரும்பினான். கனிஷ்கா அவன் இடது பக்கம், ஓர் எட்டுத் தள்ளி, எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள். உதடு மூடித் திறந்தது, மறுபடி மூடித் திறந்தது. அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நெடுநேரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். “வையுங்க மதினி” என்றான் அவன். “எம் பிள்ளை கூப்பிடுது.” போனைச் சன்னலில் போட்டுவிட்டு, அவள் முகத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “என்னம்மா?” என்று கேட்டான்.